லிங்க்ட்இன்னில் விற்பனை லீட் திரட்டுதல்: முறையும் எல்லையும்

ஒரு பொருளையோ சேவையையோ பிற நிறுவனங்களுக்கு விற்க முற்படும் எவருக்கும் முதலில் எழும் கேள்வி, அந்த நிறுவனத்தில் யாரிடம் பேசுவது என்பதுதான். சம்பளக் கணக்கு மென்பொருளை விற்பவர் மனிதவளத் துறைத் தலைவரைத் தேடுகிறார். தொழிற்சாலைகளுக்கு வடிகட்டிகளை விற்பவர் கொள்முதல் மேலாளரையோ பராமரிப்புப் பொறியாளரையோ தேடுகிறார். பெயரும் பொறுப்பும் தெரிந்த, நம்மிடம் வாங்கக்கூடும் என்று நம்புவதற்கு ஓரளவு காரணமும் உள்ள அப்படிப்பட்ட நபரைத்தான் விற்பனைத் துறையினர் லீட் என்கிறார்கள். காரணம் இல்லாத பெயர் வெறும் பெயர்தான்; ஆயிரம் வெறும் பெயர்களை ஓர் எக்செல் தாளில் நிரப்பிவிட்டதால் ஆயிரம் லீடுகள் கிடைத்துவிட்டதாக ஆகாது.

முன்பெல்லாம் இந்தப் பெயர்களைத் தொழில் கையேடுகளிலும் கண்காட்சிகளில் கைமாறிய விசிட்டிங் கார்டுகளிலும் தேடினார்கள். 2003 மே மாதத்தில் தொடங்கப்பட்ட, தொழில்முறைத் தொடர்புகளுக்கான வலைத்தளமான லிங்க்ட்இன் இந்தத் தேடலின் இடத்தையே மாற்றிவிட்டது. 2016இல் மைக்ரோசாஃப்ட் 2,620 கோடி டாலருக்கு வாங்கிய அந்தத் தளத்தில் இன்று 100 கோடிக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் இருக்கிறார்கள். ஜெர்மன் மொழி வழங்கும் நாடுகளில் ஸிங் என்ற தளமும் இதே வேலையைச் செய்கிறது. விலைக்குக் கிடைக்கும் மற்ற தொடர்புப் பட்டியல்களுக்கு இல்லாத ஒரு சிறப்பு இத்தளங்களுக்கு உண்டு. தகவலை அந்த நபரே எழுதுகிறார், வேலை மாறும்போது பெரும்பாலும் அவரே திருத்துகிறார். ஆகவே அது எளிதில் பழசாவதில்லை. ஆனால் அவர் அதை எழுதியது வேலை தேடுவதற்காகவோ, பழைய சகாக்களுடன் தொடர்பில் இருப்பதற்காகவோ, தம் துறையில் அறியப்படுவதற்காகவோதானே தவிர, முன்பின் தெரியாத ஒருவரின் விற்பனைப் பட்டியலில் இடம்பெறுவதற்காக அல்ல. லீட் திரட்டுவதில் உள்ள எல்லாச் சிக்கல்களும் இந்த இடைவெளியிலிருந்துதான் கிளைக்கின்றன.

அதனால், பாதுகாப்பாகத் திரட்டுவது என்றால் என்ன என்பதை அறிய ஒரேயொரு கேள்வியை அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். நாம் தொடர்புகொள்ளும் நபர், “என் விவரம் உங்களுக்கு எங்கிருந்து கிடைத்தது, எதற்காக என்னை அழைக்கிறீர்கள்?” என்று கேட்டால், மழுப்பாமல் ஓரிரு வாக்கியங்களில் உண்மையான பதிலைச் சொல்ல நம்மால் முடிய வேண்டும். அந்தப் பதில் கைவசம் இருந்தால் சட்டம், தளத்தின் விதிகள், நிறுவனத்தின் நற்பெயர் ஆகியவற்றில் வரக்கூடிய சிக்கல்களில் பெரும்பகுதி முளையிலேயே நீங்கிவிடும். பதில் இல்லாத பெயரைப் பட்டியலில் சேர்க்காமல் விடுவதே மேல்.

தானாக அள்ளும் கருவிகள்

புதிதாக இத்துறைக்கு வருபவர்களின் கண்ணில் முதலில் படுவது, ஒரு மணி நேரத்தில் நூற்றுக்கணக்கான புரொஃபைல்களை அள்ளித் தருவதாகச் சொல்லும் கருவிகளின் விளம்பரங்கள்தான். இவை செய்யும் வேலைக்கு ஸ்கிரேப்பிங் என்று பெயர். ஒரு மென்பொருள், மனிதர் ஒருவர் பார்ப்பதைப் போலவே ஒவ்வொரு பக்கமாகத் திறந்து, அதில் உள்ள பெயர், பதவி, நிறுவனம், ஊர் ஆகியவற்றைப் பிரித்தெடுத்து அட்டவணையில் எழுதிக்கொண்டே போகிறது. சில கருவிகள் உலாவியில் சேர்க்கும் நீட்சிகளாகவும், சில நம் கணக்கை வாங்கிக்கொண்டு எங்கோ உள்ள சர்வரிலிருந்து இயங்குபவையாகவும் வருகின்றன.

லிங்க்ட்இன்னில் கணக்கு தொடங்கும் ஒவ்வொருவரும் ஏற்றுக்கொள்ளும் பயனர் ஒப்பந்தம் இதை ஒளிவுமறைவின்றித் தடை செய்கிறது. மென்பொருள், ஸ்கிரிப்ட், ரோபோ, உலாவி நீட்சி என எந்த வழியிலும் தளத்தின் தகவலை நகலெடுக்கக் கூடாது என்றும், போலி அடையாளத்தில் கணக்கு வைத்திருக்கக் கூடாது என்றும், ஒருவர் கணக்கை மற்றவர் பயன்படுத்தக் கூடாது என்றும் அதில் எழுதப்பட்டுள்ளது. மனித வேகத்துக்கு ஒவ்வாத அளவில் பக்கங்கள் திறக்கப்படுவதைத் தளம் கண்டுகொண்டால், முதலில் கணக்கு தற்காலிகமாக முடக்கப்படும். தொடர்ந்தால் நிரந்தரமாகவே பறிபோகும். பல ஆண்டுகளாகச் சேர்த்த தொடர்புகளும் உரையாடல்களும் அதோடு போய்விடும் என்பதைப் பலரும் பறிகொடுத்த பிறகே உணர்கிறார்கள். நிறுவனத்தின் வேலைக்காக ஓர் ஊழியரின் சொந்தக் கணக்கில் இப்படிப்பட்ட கருவியை இயக்கச் சொல்வது, என் பார்வையில், அந்த ஊழியருக்குச் செய்யும் அநீதி.

“எல்லோரும் பார்க்கும்படி திறந்து வைத்திருக்கும் தகவலை எடுத்தால் என்ன தவறு?” என்று கேட்பவர்கள் அடிக்கடி சுட்டிக்காட்டும் வழக்கு, ஹைக்யூ லேப்ஸ் என்ற அமெரிக்க நிறுவனத்துக்கும் லிங்க்ட்இன்னுக்கும் இடையே நடந்தது. பொதுவில் தெரியும் புரொஃபைல்களை ஹைக்யூ ஸ்கிரேப் செய்துவந்தது. 2017இல் லிங்க்ட்இன் அதை நிறுத்தச் சொல்ல, விஷயம் நீதிமன்றத்துக்குச் சென்றது. 2019இலும், உச்ச நீதிமன்றம் மறுபரிசீலனைக்குத் திருப்பி அனுப்பிய பிறகு 2022 ஏப்ரலிலும், ஒன்பதாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் ஹைக்யூவின் பக்கம் சாய்ந்தது. யாரும் பார்க்கக்கூடிய பக்கத்தைப் படிப்பது கணினி ஊடுருவல் சட்டத்தின் கீழ் வரும் அத்துமீறலாக இருக்க வாய்ப்பில்லை என்பது அதன் பார்வை. கதையை இந்த இடத்தோடு நிறுத்திவிடுபவர்களே அதிகம். அதே 2022 நவம்பரில், ஹைக்யூ தான் ஏற்றுக்கொண்ட பயனர் ஒப்பந்தத்தை மீறியது என்று கீழ் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. டிசம்பரில் 5 லட்சம் டாலர் கொடுக்கும் தீர்ப்பையும், இனி ஸ்கிரேப் செய்வதில்லை என்ற நிரந்தரத் தடையையும் ஹைக்யூ ஏற்க வேண்டியதாயிற்று. ஊடுருவல் குற்றம் ஆகாத ஒரு செயல் ஒப்பந்த மீறலாக இருக்க முடியும் என்பதையே இந்த வழக்கின் முழு வடிவம் காட்டுகிறது.

அதற்குப் பிறகும் தளத்தின் போக்கு இறுகியிருக்கிறதே தவிரத் தளரவில்லை. புரொஃபைல் தகவல்களை விற்றுவந்த பிராக்ஸிகர்ல் என்ற சேவையின் மீது, போலிக் கணக்குகளின் வழியாகத் தகவல் திரட்டியதாகக் குற்றஞ்சாட்டி 2025 ஜனவரியில் லிங்க்ட்இன் வழக்குத் தொடுத்தது. அந்தச் சேவை அதே ஆண்டு ஜூலையில் மூடப்பட்டது. லீட் விற்பனையில் பெயர் பெற்ற அப்போலோ, சீம்லெஸ் ஆகிய நிறுவனங்களின் பக்கங்களும் அதே ஆண்டில் லிங்க்ட்இன்னிலிருந்து மறைந்தன. இப்படிப்பட்ட சேவை ஒன்றை நம்பி விற்பனைப் பிரிவு முழுவதையும் கட்டியெழுப்பியவர்கள், அது மூடப்பட்ட மறுநாள் வெறுங்கையோடு நிற்க நேரும்.

கணக்கின் திறவுகோலைக் கைமாற்றுவது

ஸ்கிரேப்பிங் கருவிகளில் இன்னோர் ஆபத்தும் இருக்கிறது. அதைப் பற்றி விளம்பரங்கள் பேசுவதில்லை. நாம் ஒருமுறை கடவுச்சொல்லைக் கொடுத்து உள்ளே நுழைந்ததும், இவர் ஏற்கெனவே சரிபார்க்கப்பட்டவர் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளத் தளம் நம் உலாவியில் ஒரு சிறிய குறியீட்டைச் சேமிக்கிறது. அமர்வுக் குக்கி எனப்படும் அந்தக் குறியீடு யாருடைய கையில் இருக்கிறதோ, அவர் கடவுச்சொல் இல்லாமலும் இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு இல்லாமலும் நம் கணக்குக்குள் நுழைந்துவிட முடியும். தானியங்கிக் கருவிகள் பல, “உங்கள் குக்கியை இங்கே ஒட்டுங்கள்” என்று கேட்கின்றன, அல்லது நீட்சியின் வழியாக அதைத் தாமே எடுத்துக்கொள்கின்றன. அப்படிக் கொடுத்த பிறகு நம் தனிப்பட்ட உரையாடல்களை யார் படிக்கிறார்கள் என்பதும், நம் பெயரில் யாருக்குச் செய்தி போகிறது என்பதும் நம் கட்டுப்பாட்டில் இல்லை.

நீட்சியை உருவாக்கியவர் நேர்மையானவராகவே இருந்தாலும் கவலை தீர்வதில்லை. 2024 டிசம்பரில் சைபர்ஹேவன் என்ற தகவல் பாதுகாப்பு நிறுவனத்தின் ஊழியர் ஒருவர் ஏமாற்று மின்னஞ்சலில் சிக்கியதால், அந்நிறுவனத்தின் குரோம் நீட்சிக்குள் தீங்கான நிரல் புகுத்தப்பட்டு, புதுப்பிப்பாகப் பயனர்களின் உலாவிகளைச் சென்றடைந்தது. குக்கிகளைத் திருடுவதே அதன் நோக்கங்களில் ஒன்று. பாதுகாப்பையே தொழிலாகக் கொண்ட நிறுவனத்துக்கு இந்த நிலை என்றால், பெயர் தெரியாத லீட் நீட்சிகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஏற்கெனவே அப்படி ஏதேனும் நிறுவியிருந்தால் அதை நீக்கி, லிங்க்ட்இன் அமைப்புகளில் கணக்கு எங்கெல்லாம் திறந்திருக்கிறது என்று காட்டும் பகுதிக்குச் சென்று எல்லா அமர்வுகளையும் முடித்து, கடவுச்சொல்லையும் மாற்றிவிடுவது நல்லது.

பொதுவில் தெரிவதும் அனுமதியும்

தளத்தின் விதி ஒருபுறம் இருக்க, தனிநபர் தரவு குறித்த சட்டங்கள் மறுபுறம் இருக்கின்றன. ஒருவரின் பெயர், அலுவலக மின்னஞ்சல், நேரடித் தொலைபேசி எண் ஆகியவை தொழில் சார்ந்தவை என்பதால் அவை தனிநபர் தரவு ஆகாது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. 2018 மே முதல் நடைமுறையில் உள்ள ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்புச் சட்டமான ஜிடிபிஆரைப் பொறுத்தவரை அது தவறான எண்ணம். அடையாளம் காணக்கூடிய மனிதரைச் சுட்டும் எந்தத் தகவலும் தனிநபர் தரவுதான். அதைத் திரட்டுபவர் எந்த நாட்டில் இருந்தாலும், ஐரோப்பாவில் உள்ளவர்களுக்கு விற்க முற்பட்டால் இந்தச் சட்டம் அவரையும் தொடும்.

ஆனால் இந்தச் சட்டம் விற்பனைக்காகத் தொடர்புகொள்வதையே தடுத்துவிடவில்லை. நியாயமான நலன் என்ற அடிப்படையில் நேரடிச் சந்தைப்படுத்தலைச் செய்ய இடமிருக்கிறது என்று சட்டத்தின் முன்னுரையே சொல்கிறது. நம் நலனைவிட அந்த நபரின் உரிமைகள் மேலோங்கி நிற்கக் கூடாது என்பதும், இப்படி ஒரு தொடர்பு வரலாம் என்று அவர் ஓரளவு எதிர்பார்த்திருக்க வேண்டும் என்பதும் அதற்கான நிபந்தனைகள். வடிகட்டி விற்பவர் ஒரு பராமரிப்புப் பொறியாளருக்கு எழுதுவது அந்த எதிர்பார்ப்புக்குள் அடங்கும் என்று வாதிடலாம். அவருடைய சொந்த எண்ணுக்கு இரவில் அழைப்பது அடங்காது. அவரிடமிருந்தே பெறாத தகவலை வைத்திருப்பவர், அது எங்கிருந்து கிடைத்தது என்பதை ஒரு மாதத்துக்குள், அல்லது முதல் தொடர்பின்போதே, அவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 14ஆம் பிரிவு கூறுகிறது. சந்தைப்படுத்தல் வேண்டாம் என்று அவர் சொல்லிவிட்டால், காரணம் கேட்காமல் நிறுத்தியாக வேண்டும் என்கிறது 21ஆம் பிரிவு.

இவை ஏட்டில் மட்டும் இருக்கும் விதிகள் அல்ல. போலந்தில் பொதுப் பதிவேடுகளிலிருந்து தொழில்முனைவோரின் தகவலைத் திரட்டிய பிஸ்னோட் என்ற நிறுவனம், மின்னஞ்சல் முகவரி இருந்தவர்களுக்கு மட்டும் அறிவிப்பு அனுப்பிவிட்டு, மற்ற லட்சக்கணக்கானவர்களுக்கு அஞ்சலில் அனுப்புவது செலவு என்று விட்டுவிட்டது; 2019 மார்ச்சில் அதற்கு 9 லட்சம் ஸ்வாட்டிக்கும் (போலந்து நாணயம்) மேல் அபராதம் விதிக்கப்பட்டது. அந்த வழக்கில் கவனிக்க வேண்டிய விவரம் இன்னொன்று உண்டு. அறிவிப்பு சென்ற சுமார் 90,000 பேரில் 12,000க்கும் மேற்பட்டவர்கள், தங்கள் தகவலைப் பயன்படுத்துவதற்கு எதிர்ப்புத் தெரிவித்தார்கள். தெரிவித்தால் மறுப்பவர்கள் இத்தனை பேர் இருப்பார்கள் என்பதால்தான், தெரிவிக்காமல் இருக்கும் ஆசை வலுவாக இருக்கிறது.

நம் பொருளுக்கு இன்னும் நெருக்கமானது, பிரான்சின் தரவுப் பாதுகாப்பு அமைப்பான சிஎன்ஐஎல், 2024 டிசம்பரில் காஸ்பர் என்ற நிறுவனத்துக்கு விதித்த 2,40,000 யூரோ அபராதம். லிங்க்ட்இன் புரொஃபைல்களைப் பார்க்கும்போதே அவற்றுக்குரியவர்களின் தொடர்பு விவரங்களைக் காட்டும் குரோம் நீட்சியை அந்நிறுவனம் விற்றுவந்தது. அதன் தரவுத்தளத்தில் சுமார் 16 கோடித் தொடர்புகள் இருந்தன. தம் மின்னஞ்சலை நேரடித் தொடர்புகள் மட்டும், அல்லது அவர்களோடு இரண்டாம் நிலைத் தொடர்புகளும் (அதாவது தொடர்புகளின் தொடர்புகளும்) பார்த்தால் போதும் என்று உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்க லிங்க்ட்இன் வசதி தருகிறது. அப்படித் தேர்ந்தெடுத்தவர்களின் விவரங்களையும் காஸ்பர் சேகரித்ததையே சிஎன்ஐஎல் முதல் குற்றமாகக் கருதியது. ஒருவர் வேலை மாறும் ஒவ்வொரு முறையும் ஐந்தாண்டுக் கணக்கைப் புதிதாகத் தொடங்கித் தகவலை வைத்திருந்ததும், பல ஆண்டுகள் கழித்து, அதுவும் ஆங்கிலத்தில் மட்டும், அறிவிப்பு அனுப்பியதும் மற்ற குற்றங்கள். இத்தகைய கருவியிடமிருந்து பட்டியலை விலைக்கு வாங்குபவரும், தம் பங்குக்குத் தனியே பொறுப்பேற்க வேண்டியவர்தான் என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

மற்ற நாடுகளில் விதிகள் வெவ்வேறாக இருக்கின்றன. அமெரிக்காவின் 2003ஆம் ஆண்டு கேன்-ஸ்பாம் சட்டம் முன்அனுமதி கேட்பதில்லை. ஆனால் உண்மையான அனுப்புநர் பெயர், அஞ்சல் முகவரி, விலகும் வழி ஆகியவை ஒவ்வொரு மின்னஞ்சலிலும் இருக்க வேண்டும் என்றும், விலகல் கோரிக்கையை 10 வேலை நாட்களுக்குள் நிறைவேற்ற வேண்டும் என்றும் சொல்கிறது. கனடாவின் சட்டம் கடுமையானது. பொதுவாக ஒப்புதல் வேண்டும், ஒருவர் தம் முகவரியை வெளிப்படையாக வெளியிட்டு, விளம்பர அஞ்சல் வேண்டாம் என்று குறிப்பிடாமலும் இருந்து, நம் செய்தி அவருடைய பொறுப்போடு தொடர்புடையதாகவும் இருந்தால் அதை மறைமுக ஒப்புதலாக ஏற்கிறது. இந்தியாவின் 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவர் தாமே பொதுவெளியில் வெளியிட்ட தகவலுக்கு விலக்கு அளிக்கிறது. குறைந்த வட்டத்துக்கு மட்டும் அவர் காட்டிய தகவலையும் இந்த விலக்குக்குள் இழுத்துக்கொள்ளலாம் என்று அவசரப்பட வேண்டாம். பல நாடுகளுக்கு விற்பவர்கள், அவற்றில் மிகக் கடுமையான விதியையே எல்லோருக்கும் பின்பற்றிவிடுவது குழப்பத்தைக் குறைக்கும்.

கையால் திரட்டுவது எப்படி

மென்பொருள் இல்லாமல் செய்வதென்றால் மிகவும் மெதுவாகத்தானே நடக்கும் என்று தோன்றலாம். மெதுவாகத்தான் நடக்கும். ஆனால் அந்த மெதுவான வேலையில்தான், ஒரு பெயரை லீடாக மாற்றும் காரணம் கிடைக்கிறது. ஒரு புரொஃபைலைக் கண்ணால் படித்து முடிப்பதற்குள், இவர் நமக்குப் பொருந்துவாரா, இப்போது பேசலாமா, எதைச் சொல்லித் தொடங்கலாம் என்ற மூன்றுக்கும் விடை தெரிந்துவிடும். ஸ்கிரேப் செய்த அட்டவணையின் ஒரு வரியில் இந்த மூன்றும் இருக்காது.

தேடத் தொடங்கும் முன், யாரைத் தேடுகிறோம் என்பதை ஒரு பத்தியாக எழுதிக்கொள்ள வேண்டும். எந்தத் துறை, எவ்வளவு பெரிய நிறுவனம், எந்தப் பொறுப்பில் இருப்பவர், எந்தச் சூழ்நிலையில் நம் பொருள் அவருக்குத் தேவைப்படும் என்பவை அதில் இருக்க வேண்டும். கடைசியாகச் சொன்னதையே பலர் விட்டுவிடுகிறார்கள், உண்மையில் அதுதான் முக்கியம். புதிதாகப் பொறுப்பேற்ற மனிதவளத் தலைவர், இரண்டாவது தொழிற்சாலையைத் திறக்கும் நிறுவனம், ஒரே நேரத்தில் பத்துக் கணக்காளர்களை வேலைக்கு எடுக்க விளம்பரம் செய்திருக்கும் நிறுவனம் என்று நிகழ்வுகளாக எழுதிக்கொண்டால், தேடல் தானாகவே கூர்மையாகிவிடும். வேலை விளம்பரங்களைப் படிப்பதை நான் வலியுறுத்திச் சொல்வேன். ஒரு நிறுவனம் எந்த மென்பொருளைப் பயன்படுத்துகிறது, எங்கே ஆள் பற்றாக்குறை இருக்கிறது என்பதை அதன் விளம்பரங்கள் அதன் இணையதளத்தைவிட வெளிப்படையாகச் சொல்லிவிடுகின்றன. மேலும் அது நிறுவனத்தைப் பற்றிய தகவல் என்பதால், தனிநபர் தரவு என்ற சிக்கலும் அவ்வளவாக எழுவதில்லை.

இலவசக் கணக்கிலேயே கணிசமான அளவு தேடலாம். பதவியின் பெயரை மேற்கோள் குறிக்குள் கொடுத்தால் அந்தச் சொற்றொடர் அப்படியே தேடப்படும். ஒரே பொறுப்புக்குப் பல பெயர்கள் வழங்கினால் அவற்றை “அல்லது” என்ற பொருள் தரும் OR என்ற ஆங்கிலச் சொல்லைப் பெரிய எழுத்துகளில் இட்டு இணைக்கலாம். பயிற்சியாளர், ஆலோசகர் போன்ற வேண்டாத பதவிகளை விலக்கவும் அதேபோல NOT என்ற சொல் உண்டு. வணிக நோக்கில் அளவுக்கு மேல் தேடுவதாகத் தளம் கருதினால், அந்த மாதம் முடியும்வரை தேடல் கட்டுப்படுத்தப்பட்டு, அடுத்த மாதம் முதல் தேதியில் மீண்டும் திறக்கும். அந்த எல்லையை அடிக்கடி தொடுபவர்களுக்காகத்தான் சேல்ஸ் நேவிகேட்டர் என்ற கட்டணச் சேவை இருக்கிறது. நிறுவனத்தின் அளவு, பதவியில் கழிந்த காலம், அண்மையில் வேலை மாறியவர்கள் போன்ற வடிகட்டிகளும், சேமித்துவைத்த தேடலில் புதியவர் ஒருவர் சேர்ந்தால் தெரிவிக்கும் வசதியும் அதில் உள்ளன. பணம் கட்டிய பிறகும் பட்டியலை எக்செல் கோப்பாகப் பதிவிறக்கும் பொத்தான் அதில் இல்லை என்பதைப் பார்த்துப் பலர் ஏமாற்றமடைகிறார்கள். அது கவனக்குறைவால் விடுபட்டதல்ல, வேண்டுமென்றே வைத்த எல்லை. தகவல் தளத்துக்குள்ளேயே, அல்லது அனுமதிக்கப்பட்ட சிஆர்எம் (வாடிக்கையாளர் விவரங்களை நிர்வகிக்கும் மென்பொருள்) இணைப்பின் வழியாகவே, நகர வேண்டும் என்பதே அதன் பின்னுள்ள எண்ணம்.

பொருத்தமானவர் என்று தோன்றியதும் இணைப்பு அழைப்பு அனுப்புவது வழக்கம். வாரத்துக்கு இத்தனை அழைப்புகள்தான் அனுப்பலாம் என்று தளம் கட்டுப்படுத்துகிறது. ஏற்கப்படாமல் கிடக்கும் அழைப்புகள் குவிந்தாலும், பெற்றவர்கள் “இவரைத் தெரியாது” என்று குறிப்பிட்டாலும் கட்டுப்பாடு மேலும் இறுகும். எனவே நாளொன்றுக்குப் பத்துக்குள் வைத்துக்கொண்டு, அவர் எழுதிய பதிவு ஒன்றையோ அவருடைய நிறுவனத்தின் அண்மைச் செய்தி ஒன்றையோ குறிப்பிட்டு இரண்டு வரியில் எழுதுவது போதும். அழைப்பை ஏற்ற அடுத்த நிமிடமே நீண்ட விற்பனை உரையை அனுப்புவதைப் போன்ற தவறு வேறில்லை. வீட்டுக்குள் வரச் சொன்னவரின் கூடத்திலேயே கடை விரிப்பது போன்றது அது. தொடர்பில் இல்லாதவர்களுக்கு இன்மெயில் என்ற கட்டணச் செய்தி வழியும் உண்டு; பெற்றவர் 90 நாட்களுக்குள் பதிலளித்தால் செலவழித்த கிரெடிட் திரும்பக் கிடைக்கும் என்பதால், பலருக்கு ஒன்றுபோல் அனுப்புவதைவிடச் சிலருக்குக் கவனமாக எழுதுவதே கணக்குப்படியும் ஆதாயம்.

ஏற்கெனவே நம்மோடு இணைந்திருப்பவர்களின் பட்டியலைத் தளமே தருகிறது என்பது பலருக்குத் தெரிவதில்லை. தரவுத் தனியுரிமை அமைப்புகளுக்குள் நம் தரவின் நகலைக் கேட்டுப் பெறும் வசதி இருக்கிறது. அதில் தொடர்புகளைத் தேர்ந்தெடுத்தால், பெயர், நிறுவனம், பதவி, இணைந்த தேதி ஆகியவை கொண்ட கோப்பு நமக்குக் கிடைக்கும். மின்னஞ்சல் முகவரி, அதை எடுத்துக்கொள்ள அனுமதித்தவர்களுக்கு மட்டுமே இருக்கும். மற்றவர்களின் கட்டம் காலியாக இருக்கும். அந்தக் காலியான கட்டம் அவர்களின் விருப்பத்தைச் சொல்கிறது என்று எடுத்துக்கொண்டு, அதை வேறு கருவியால் நிரப்ப முயலாமல் விட்டுவிட வேண்டும். அவர்களுக்கு எழுத வேண்டியிருந்தால் தளத்தின் உள்ளேயே எழுதலாம்.

இவை எல்லாவற்றையும்விடப் பாதுகாப்பான லீட், தாமாக முன்வந்து விவரம் தருபவர்தான். லிங்க்ட்இன் விளம்பரங்களில் லீட் படிவத்தை இணைக்க முடியும். விளம்பரத்தைப் பார்த்தவர் பொத்தானைத் தொட்டால், அவருடைய புரொஃபைலில் உள்ள விவரங்கள் படிவத்தில் தானாக நிரம்பி நிற்கும். அவர் சரிபார்த்துச் சமர்ப்பித்தால் மட்டுமே நமக்கு வரும். நம் தனியுரிமைக் கொள்கையின் இணைப்பைக் கொடுக்காமல் அந்தப் படிவத்தை உருவாக்கவே முடியாது. இந்த லீடுகளைப் பதிவிறக்க 90 நாட்கள்தான் அவகாசம் என்பதால், வாரந்தோறும் எடுத்துவைக்கும் பழக்கம் வேண்டும். விளம்பரத்துக்குச் செலவிட முடியாதவர்கள், தங்கள் துறையைப் பற்றிப் பயனுள்ள பதிவுகளை எழுதியும், இணையவழிப் பயிலரங்கு ஒன்றை நடத்திப் பதிவுப் படிவத்தின் வழியாக விவரம் பெற்றும் இதே பலனை மெல்ல அடையலாம். பதிவுக்குக் கீழே கருத்து எழுதியவர்கள் எல்லோரையும் பட்டியலில் சேர்த்துவிடுவது மட்டும் கூடாது. ஒருவர் கருத்துச் சொன்னது விற்பனை அழைப்புக்குச் சம்மதித்ததாக ஆகாது.

மின்னஞ்சலுக்கு மாறும்போது

பெயரும் நிறுவனத்தின் டொமைனும் (மின்னஞ்சல் முகவரியில் @ குறிக்குப் பின் வரும் பெயர்) தெரிந்தால் முகவரியை ஊகித்து அனுப்பிப் பார்ப்பது பழைய தந்திரம். ஊகம் தவறினால் அஞ்சல் திரும்பி வரும். திரும்பி வருபவை அதிகரித்தால் நம் டொமைனே சந்தேகத்துக்குரியதாகி, வாடிக்கையாளர்களுக்கு அனுப்பும் விலைப்பட்டியல்கூட ஸ்பாம் பெட்டிக்குப் போய்விடும். 2024 பிப்ரவரி முதல் ஜிமெயிலும் யாகூவும் மொத்தமாக அனுப்புபவர்களுக்கான விதிகளை இறுக்கிவிட்டன. ஜிமெயில் முகவரிகளுக்கு ஒரு நாளில் 5,000 அஞ்சல்களுக்கு மேல் அனுப்புபவர்கள், அஞ்சல் உண்மையிலேயே நம் டொமைனிலிருந்துதான் வந்தது என்பதை உறுதிப்படுத்தும் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் ஆகிய மூன்று சரிபார்ப்புகளையும் அமைத்திருக்க வேண்டும். விளம்பர அஞ்சலில் ஒரே சொடுக்கில் விலகும் வழி இருக்க வேண்டும். பெற்றவர்கள் ஸ்பாம் என்று குறிப்பிடும் விகிதம் 0.3 சதவீதத்தைத் தொடக் கூடாது. ஆயிரம் பேருக்கு அனுப்பினால் மூன்று பேரின் எரிச்சலே இந்த எல்லைக்குப் போதுமானது. சிறிய அளவில் அனுப்புபவர்களும் இதே ஒழுங்கைப் பின்பற்றுவது நல்லது. முகவரியை நிறுவனத்தின் இணையதளத்தில் வெளியிட்டிருந்தால் அங்கிருந்து எடுப்பதும், இல்லையென்றால் தளத்தில் உரையாடும்போது அவரிடமே கேட்டுப் பெறுவதும்தான் சிக்கலில்லாத வழி.

திரட்டியதை வைத்திருப்பதும் விடுவதும்

நூறு லீடுகள் சேர்ந்த பிறகு, எது எங்கிருந்து வந்தது என்பது நினைவில் நிற்காது. எனவே பெயர், பதவி, நிறுவனம் ஆகிய கட்டங்களோடு, எங்கே பார்த்தோம், எந்தத் தேதியில் சேர்த்தோம், ஏன் சேர்த்தோம், சேர்த்தவர் யார் என்ற நான்கு கட்டங்களையும் முதல் நாளிலிருந்தே வைத்துக்கொள்ள வேண்டும். ஏன் என்ற கட்டத்தில் “புதிய ஆலை தொடங்குவதாக மார்ச் மாதம் பதிவிட்டிருந்தார்” என்பதுபோல ஒரு வரி இருந்தால், முதல் செய்தியை எழுதும் வேலையில் பாதி அதிலேயே முடிந்துவிடும். விற்பனைக்குத் தேவைப்படாத பிறந்தநாள், குடும்பம், சொந்த எண், புகைப்படம் போன்றவற்றை எடுக்கவே கூடாது. கையில் இல்லாத தகவல் கசிவதில்லை. கோப்பை எல்லோருக்கும் மின்னஞ்சலில் சுற்றுக்கு விடாமல், தேவைப்படுபவர்கள் மட்டும் திறக்கக்கூடிய ஒரே இடத்தில் வைத்திருப்பதும், விற்பனைப் பிரிவிலிருந்து ஒருவர் விலகும் நாளிலேயே அவருடைய அணுகலை மூடுவதும் அவசியம்.

திரட்டும்போது எதிர்ப்பக்கத்திலிருந்து வரும் ஏமாற்றையும் எதிர்பார்க்க வேண்டும். பெரிய நிறுவனத்தின் கொள்முதல் அதிகாரி என்று சொல்லிக்கொண்டு, விலைப்புள்ளி கேட்பதற்கு முன்பே ஒரு கோப்பைத் திறக்கச் சொல்பவர், அல்லது உரையாடலை உடனே வேறு செயலிக்கு மாற்றத் துடிப்பவர், போலிக் கணக்காக இருக்கலாம். கணக்கு தொடங்கிய தேதி, சரிபார்ப்பு அடையாளம், நிறுவனத்தின் மற்ற ஊழியர்களுடன் அவருக்குள்ள தொடர்பு ஆகியவற்றைப் பார்த்துவிட்டு, நிறுவனத்தின் பொது எண்ணுக்கு அழைத்து உறுதி செய்துகொள்ளலாம்.

பதில் வராத லீடை எவ்வளவு காலம் வைத்திருப்பது என்பதை முன்கூட்டியே முடிவு செய்துகொள்ள வேண்டும். மூன்று முறை எழுதியும் மறுமொழி இல்லை, ஓராண்டும் கடந்துவிட்டது என்றால் அந்த வரியை அழித்துவிடுவது பெரும்பாலான தொழில்களுக்குப் பொருந்தும். அதற்குள் அவர் வேலையே மாறியிருக்கக்கூடும். தம் விவரத்தை நீக்கச் சொல்பவரின் விஷயத்தில் மட்டும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. அவருடைய தடயமே இல்லாமல் அழித்துவிட்டால், அடுத்த மாதம் இன்னொரு விற்பனையாளர் அதே புரொஃபைலைக் கண்டு, நல்லெண்ணத்துடனேயே அவரை மீண்டும் பட்டியலில் சேர்த்துவிடுவார். ஆகவே மற்ற விவரங்களை எல்லாம் நீக்கிவிட்டு, மின்னஞ்சல் முகவரியையோ புரொஃபைல் இணைப்பையோ மட்டும் தொடர்புகொள்ளக் கூடாதவர்களின் தனிப்பட்டியலில் வைத்திருந்து, புதிதாகச் சேரும் ஒவ்வொரு பெயரையும் அதனோடு ஒப்பிட்ட பிறகே சேர்க்க வேண்டும். இதற்காக இவ்வளவு குறைந்த தகவலை வைத்திருப்பதைத் தரவுப் பாதுகாப்பு அமைப்புகளும் ஏற்றுக்கொள்கின்றன; இப்படி வைத்திருக்கிறோம் என்பதை நீக்கச் சொன்னவருக்கு அனுப்பும் பதிலிலேயே ஒரு வரியாகத் தெரிவித்துவிடலாம்.